தாடை மூட்டு ஸ்பிளிண்டில் பூஞ்சை: கண்டறிவதும் கழுவுவதும் காயவைப்பதும்

தாடை மூட்டு வலிக்காகவோ, தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிக்கும் பழக்கத்துக்காகவோ பல் மருத்துவர் செய்து தரும், பல்வரிசையின்மீது மாட்டும் கவசமான ஸ்பிளிண்ட், மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், இரவுதோறும் வாய்க்குள் இருக்கிறது. அதை எப்படிப் போடுவது, எப்படிக் கழற்றுவது, கடிக்கும்போது எந்தப் பற்கள் அதில் பட வேண்டும் என்பதெல்லாம் நிதானமாகச் சொல்லித் தரப்படுகின்றன. கழுவுவதைப் பற்றி மட்டும் "சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சில வாரங்கள் கழித்து வழவழவென்று ஒரு படலமும் ஊசிப்போன வாடையும் வரும்போதுதான், கொதிநீர், பற்பொடி, பிளீச் என்று கையில் கிடைப்பதைக் கொண்டு அதைத் தேய்க்கத் தொடங்குகிறோம். அப்படித் தேய்ப்பதுதான் பெரும்பாலும் அடுத்த முறை பூஞ்சை இன்னும் எளிதாகப் பற்றிக்கொள்ள வழி செய்கிறது. ஸ்பிளிண்டில் பூஞ்சை வளர்வதை முடிவு செய்பவை பெரும்பாலும் இரண்டே காரணங்கள்: அதன் பரப்பு எவ்வளவு கீறலாக இருக்கிறது, அது எவ்வளவு நேரம் ஈரமாகக் கிடக்கிறது. கீழே சொல்லப்படும் வழிமுறைகள் எல்லாம் இந்த இரண்டையும் கட்டுக்குள் வைப்பதற்கானவை.

படிவது எது

ஸ்பிளிண்டில் காணப்படும் பூஞ்சைகளில் முதன்மையானது கேண்டிடா அல்பிகன்ஸ். இது வெளியிலிருந்து வந்து தொற்றும் அபூர்வக் கிருமி அன்று. நலமாக இருக்கும் பலருடைய வாயிலேயே எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருப்பது. கன்னத்தின் உட்தோல் ஓயாமல் தன் மேலடுக்கை உதிர்த்துக்கொண்டே இருப்பதால் அங்கே எதுவும் நெடுநேரம் ஒட்டியிருக்க முடியாது. நாக்கும் உமிழ்நீரும் மீதத்தைத் துடைத்துவிடுகின்றன. அக்ரிலிக் உதிர்வதில்லை. அதோடு தூக்கத்தில் உமிழ்நீர்ச் சுரப்பு ஏறத்தாழ நின்றேவிடுவதால், ஸ்பிளிண்டுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடுக்கு இரவு முழுவதும் அலசப்படாத இடமாகிவிடுகிறது. அங்கே முதலில் உமிழ்நீர்ப் புரதங்களும், அதன்மேல் பாக்டீரியாக்களும், அவற்றைப் பற்றிக்கொண்டு கேண்டிடாவும் படிகின்றன. நாளடைவில் இவை அனைத்தும் தாமே சுரக்கும் ஒரு பசைக்குள் பொதிந்து உயிர்ப்படலமாகின்றன.

பூஞ்சை எதிர்ப்பு மருந்துகள் தனித்து மிதக்கும் செல்களைக் கொல்லும் அளவுக்கு இந்தப் படலத்துக்குள் இருப்பவற்றைக் கொல்வதில்லை. ஆனால் படலம் முதிர்வதற்கு நேரம் தேவைப்படுகிறது. அக்ரிலிக் பரப்பின்மீது கேண்டிடா அல்பிகன்ஸை வளர்த்துப் பார்த்த ஆய்வகச் சோதனைகளில், ஏறத்தாழ முதல் 11 மணி நேரம் ஒட்டிக்கொள்ளும் தொடக்க நிலையாகவும், 12 முதல் 30 மணி வரை இடைநிலையாகவும், 38 முதல் 72 மணிக்குள் முதிர்ந்த நிலையாகவும் அதன் வளர்ச்சி பிரிக்கப்பட்டிருக்கிறது. வாய் ஆய்வகம் இல்லை என்பது உண்மைதான். இருந்தாலும் எட்டு மணி நேரம் போட்டுக் காலையில் கழற்றியவுடன் தேய்த்துக் கழுவும் ஒருவர், அந்தப் படலத்தை அதன் தொடக்க நிலையிலேயே கலைத்துவிடுகிறார் என்பது இதிலிருந்து தெரிகிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை நன்றாகக் கழுவுவதைவிட, தினமும் இரண்டு நிமிடம் சுமாராகக் கழுவுவது மேலானது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

எந்தப் பொருளால் செய்த ஸ்பிளிண்ட் என்பதும் முக்கியம். கெட்டியான வகைகள் பெரும்பாலும் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்னும் அக்ரிலிக்கால் ஆனவை. அதில் வெப்பத்தால் இறுகவைத்தது அடர்த்தியானது. அறை வெப்பநிலையில் தானாக இறுகும் வகையில் நுண்துளைகள் அதிகம், வினையில் சேராமல் எஞ்சும் மூலப்பொருளான மோனோமரும் அதிகம். அக்ரிலிக் கட்டியிலிருந்து கணினி உதவியுடன் கடைந்தெடுக்கும் ஸ்பிளிண்டுகளில் துளைகள் குறைவு. முப்பரிமாண அச்சில் வார்த்தவற்றில் அச்சு அடுக்குகளின் வரிகளைச் சரியாக மெருகிட்டு நீக்காவிட்டால் அவையே படலத்துக்குப் பிடிமானமாகிவிடும். மெத்தென்று இருக்கும் எத்திலீன் வினைல் அசிடேட் ஸ்பிளிண்ட் வாய்க்குச் சுகமானது. ஆனால் எளிதில் கடிபட்டுக் கிழிசல் காண்பதும், மெருகிட முடியாததும் அதுவே.

கேண்டிடாவின் ஒரு செல் சுமார் 3 முதல் 6 மைக்ரோமீட்டர் அளவு உடையது. பரப்பின் சராசரிச் சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டருக்கு மேல் போகும்போது நுண்ணுயிர்ப் படிவு கூடத் தொடங்குகிறது என்பது பல் மருத்துவத்தில் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லைக்கோடு. கண்ணுக்குத் தெரியும் ஒரு கீறல் இந்த அளவைப் பல மடங்கு தாண்டியது. அதன் அடியில் ஒளிந்திருக்கும் செல்லைப் பிரஷின் நார் தொடுவதே இல்லை.

கையில் வைத்துப் பார்ப்பது

ஸ்பிளிண்டில் தெரியும் எல்லா வெள்ளையும் பூஞ்சை அன்று. எல்லாக் கறுப்பும் பூஞ்சை அன்று. கழுவுவதற்கு முன் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, விரல் நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு, நகத்தில் கஞ்சியாடை போல மெல்லிய வெண்படலம் சுருண்டு வந்தால் அது உயிர்ப்படலம். அதில் கேண்டிடா இருக்கலாம், வெறும் பாக்டீரியாக்களாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது, தினசரிப் பராமரிப்புக்குப் பிரித்தறிய வேண்டிய தேவையும் இல்லை. நகத்தில் சரசரவென்று உரசி, பெயர்ந்து வராமல் இருந்தால் அது காரை, அதாவது உமிழ்நீரின் தாதுக்கள் படிந்து கெட்டியானது. உமிழ்நீர்ச் சுரப்பிகளின் குழாய்கள் திறக்கும் இடங்களை ஒட்டி, அதாவது மேல் ஸ்பிளிண்டில் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும், கீழ் ஸ்பிளிண்டில் முன்பற்களின் நாக்குப் பக்கத்திலும் இது கூடுதலாகத் தங்கும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் கழுவுபவர்களுக்கு, குழாய்த் தண்ணீர் காய்ந்த வாளியின் விளிம்பில் காண்பது போன்ற ஒரு வெண்மை ஸ்பிளிண்டு முழுவதும் சீராகப் படியும். காரையும் உப்புப் படிவும் தம்மளவில் பூஞ்சையாக இல்லாவிட்டாலும், சொரசொரப்பாக இருப்பதால் பூஞ்சைக்கு இடம் கொடுப்பவை.

மஞ்சளும் பழுப்பும் பெரும்பாலும் தேநீர், காபி, இரும்புச்சத்து மாத்திரை, கிருமிகளைக் குறைக்கும் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் ஆகியவற்றின் கறைகள். கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், ஸ்பிளிண்டைவிட அதை வைக்கும் பெட்டியை முதலில் சந்தேகிக்க வேண்டும். கேண்டிடா கறுப்பு நிறத்தில் வளர்வதில்லை. குளியலறைச் சுவரில் படரும் வகையைச் சேர்ந்த கரும்பூஞ்சைகள், ஈரத்தோடு மூடிய பெட்டிகளில் எளிதாக வளர்கின்றன. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில், குளியலறை அலமாரியில் மூடிவைத்த பெட்டி ஒரு நாளும் முழுதாகக் காய்வதில்லை. மெத்தென்ற ஸ்பிளிண்டின் உள்ளடுக்கில் கரும்புள்ளிகள் புகுந்துவிட்டால் அவற்றைக் கழுவி எடுக்க இயலாது. அதை மாற்றத்தான் வேண்டும்.

கழுவியது சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. பற்களில் அழுக்குப் படலத்தைச் சாயமேற்றிக் காட்டுவதற்காகப் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் கரைசலோ மாத்திரையோ மருந்துக்கடைகளில் கிடைத்தால் வாங்கி, கழுவி முடித்த ஸ்பிளிண்டின்மீது தடவி, ஒரு முறை தண்ணீரில் அலசிப் பாருங்கள். இளஞ்சிவப்பாகச் சாயம் தங்கும் இடங்கள்தாம் உங்கள் பிரஷ் போகாத இடங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது கடைசிக் கடைவாய்ப் பல் உட்காரும் குழியின் அடிப்பகுதியாக இருக்கும். இரண்டு மூன்று முறை செய்து பார்த்தால் போதும், கை அந்த இடங்களைத் தானே பழகிக்கொள்ளும். மெத்தென்ற வகையில் சாயம் ஊறித் தங்கிவிடக்கூடும் என்பதால் அதில் இந்தச் சோதனையைத் தவிர்ப்பது நல்லது.

வாய்க்குள் பார்ப்பது

முழுப் பல் செட் போடுபவர்களுக்கு அண்ணம் சிவந்து போகும் கேண்டிடா அழற்சி அடிக்கடி வருவது. ஸ்பிளிண்ட் போடுபவர்களுக்கு அது அவ்வளவாக வருவதில்லை. ஏனென்றால் ஸ்பிளிண்ட் பெரும்பாலும் பற்களின்மீதே உட்காருகிறது, ஈறையும் அண்ணத்தையும் குறைவாகவே மூடுகிறது, பகலெல்லாம் வெளியில் இருக்கிறது. அண்ணத்தின் ஒரு பகுதியையும் மூடும் வடிவங்களிலும், தாடையை முன்னோக்கி நிறுத்துவதற்காக இரவும் பகலும் போடச் சொல்லும் வகைகளிலும் கூடுதல் கவனம் வேண்டும். ஸ்பிளிண்டின் விளிம்பைப் பின்பற்றிக் கோடு போட்டதுபோல அண்ணமோ ஈறோ சிவந்திருப்பது, உதட்டோரங்களில் ஆறாத வெடிப்பு, காரமில்லாத சாப்பாட்டுக்கும் வாய் எரிவது, துணியால் துடைத்தால் பெயர்ந்து வந்து அடியில் சிவந்த புண்ணைக் காட்டும் வெண்திட்டுகள் ஆகியவை கேண்டிடாவைச் சந்தேகிக்க வேண்டிய அடையாளங்கள்.

தாடை மூட்டுக் கோளாறு உள்ளவர்கள் அடிக்கடி பயந்து வரும் ஒரு வெள்ளைக் கோட்டை இங்கே தனியாகச் சொல்லியாக வேண்டும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்கும் மட்டத்தில், கன்னத்தின் உட்பக்கத்தில், முன்னிருந்து பின்னாக நீளும் மெல்லிய வெண்கோடு, பல்லை இறுகக் கடிப்பவர்களுக்குக் கன்னம் உரசி உரசித் தடித்ததால் வருவது. நாக்கின் ஓரங்களில் பற்களின் அச்சு அலை அலையாகப் பதிந்திருப்பதும் அதே பழக்கத்தின் அடையாளமே. இவற்றுக்கும் பூஞ்சைக்கும் தொடர்பில்லை, மருந்தும் தேவையில்லை. அதேபோல், புதிய ஸ்பிளிண்ட் போட்ட முதல் சில நாட்களிலேயே எரிச்சல் வந்தால், அது எஞ்சிய மோனோமரின் உறுத்தலாக இருக்கலாம். தானாக இறுகும் அக்ரிலிக்கை ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊறவைத்த பிறகு போட்டால் அது குறையும். துடைத்தும் போகாத வெண்திட்டோ, செந்திட்டோ, புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், பூஞ்சை மருந்து வாங்கிப் பூசிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. வெற்றிலை பாக்கு, புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் அந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

தினசரிக் கழுவல்

காலையில் ஸ்பிளிண்டைக் கழற்றியவுடன், அதன்மீது உள்ள எச்சில் காய்வதற்குள், அறை வெப்பநிலைத் தண்ணீரில் அலசுங்கள். காய்ந்த படலம் தேய்க்கச் சிரமமானது. "பல் துலக்கிக் குளித்துவிட்டு வந்து கழுவிக்கொள்ளலாம்" என்று மேசையில் வைத்துவிடும் பழக்கமே பல வீடுகளில் முதல் கோளாறு. வாஷ்பேசினில் ஒரு துண்டை விரித்தோ, பாதியளவு தண்ணீர் நிரப்பியோ வைத்துக்கொண்டால், சோப்பில் வழுக்கி விழுந்தாலும் ஸ்பிளிண்ட் உடையாது. வாசனையும் துகளும் இல்லாத திரவச் சோப்பு, கைகழுவுவதோ பாத்திரம் கழுவுவதோ, ஒரு துளி போதும். இதற்கென்றே தனியாக ஒரு மென்மையான பிரஷ் வைத்துக்கொண்டு, வெளிப்பக்கத்தை ஒரு சுற்றும், பல் உட்காரும் உட்பக்கத்தை இரண்டு சுற்றும் தேய்க்க வேண்டும்.

உட்பக்கத்துக்கு ஏன் இரண்டு மடங்கு என்றால், அந்தப் பக்கத்தை ஸ்பிளிண்ட் செய்யும் லேபில் மெருகிடுவதில்லை. மெருகிட்டால் பல்லோடு பொருந்தும் அளவு மாறிவிடும். ஆகவே புதிதாக வரும்போதே அது சொரசொரப்பானது. ஒவ்வொரு பல்லின் குழியிலும் பள்ளங்கள் அப்படியே வார்ப்பில் பதிந்திருப்பதால், சாதாரண பிரஷின் அகலமான தலை அடிவரை போகாது. ஒற்றைக் குஞ்சமாக நார் வைத்த சிறு பிரஷ் பல் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. அதை ஒவ்வொரு குழியிலும் வைத்து ஒரு முறை சுழற்றினால் வேலை முடிந்தது. உலோகக் கொக்கி உள்ள ஸ்பிளிண்டானால், கொக்கி அக்ரிலிக்குக்குள் புகும் இடத்தைச் சுற்றித் தேய்க்க மறக்கக் கூடாது.

அதன் பிறகு நன்றாக அலசி, தண்ணீரை உதறி, சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, காற்றோட்டமான நிழலில் குப்புறக் காயவையுங்கள். காயவைப்பதா, தண்ணீரில் போட்டு வைப்பதா என்பதில் மருத்துவர்களிடையே இரண்டு கருத்து உண்டு. அக்ரிலிக் தண்ணீரை உறிஞ்சிச் சிறிது விரிவதும், காய்ந்தால் சிறிது சுருங்குவதும் உண்மை. அதனால் பொருத்தம் மாறாதிருக்கத் தண்ணீரில் வைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். காய்ந்த பரப்பில் கேண்டிடா எண்ணிக்கை குறைகிறது என்பதும் உண்மை. பூஞ்சைத் தொந்தரவு உள்ளவர்களுக்குக் காயவைப்பதே என் பரிந்துரை. பல் செட்டை இரவில் மட்டும் கழற்றுகிறார்கள். ஸ்பிளிண்ட்காரர்களுக்குப் பகல் முழுவதும், சுமார் 16 மணி நேரம், காயவைக்கக் கிடைக்கிறது. அந்தச் சாதகத்தை விட்டுவிடக் கூடாது. உங்களுடைய ஸ்பிளிண்டைத் தண்ணீரில்தான் வைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். நேற்றைய தண்ணீரில் இன்று போட்டு வைப்பது கழுவிய பலனைக் கெடுத்துவிடும்.

பெட்டியில் காற்றுத் துளைகள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூடியைத் திறந்தே வையுங்கள், நாயும் பல்லியும் எட்டாத உயரத்தில். எச்சில் வாடைக்கு ஸ்பிளிண்டைக் கவ்விக்கொண்டு போய்க் கடித்துத் துப்பும் நாய்கள் கற்பனையில் மட்டும் இருப்பவை அல்ல. பெட்டியையும் பிரஷையும் வாரம் ஒருமுறை சோப்பு நீரில் கழுவி வெயிலில் காயவைக்கலாம். ஸ்பிளிண்டை மட்டும் வெயிலிலோ, நிறுத்திய காரின் உள்ளேயோ வைக்கக் கூடாது.

இரவில் போடுவதற்கு முன் பல் துலக்குவது இதே அளவு முக்கியம். சாப்பாட்டுத் துணுக்கோ சர்க்கரையோ பல்லில் இருக்கும்போது மேலே ஸ்பிளிண்டை மூடினால், பூஞ்சைக்கும் பல் சொத்தைக்கும் ஒரே நேரத்தில் உணவிட்டதாகும். போட்ட பிறகு தண்ணீரைத் தவிர வேறெதுவும் குடிக்கக் கூடாது.

கூடவே கூடாதவை

பற்பசை பல்லின் எனாமலுக்காகச் செய்யப்பட்டது. அதிலுள்ள உராய்வுத் துகள்கள் எனாமலைவிடப் பல மடங்கு மென்மையான அக்ரிலிக்கைக் கீறிவிடும். பற்பொடி அதைவிட மோசம். உமிக்கரி, உப்பு, சாம்பல், சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்ப்பது எல்லாம் இதே கணக்குதான். தேய்த்த அன்று பளிச்சென்று தெரியும். ஒரு மாதத்தில் பளபளப்பு மங்கிப் புகைபடிந்தது போலாகிவிடும். அந்த மங்கலே ஆயிரக்கணக்கான கீறல்கள்.

கொதிநீரும் சூடான தண்ணீரும் ஸ்பிளிண்டை வளைத்துவிடும். மெத்தென்ற வகை உடனே உருமாறும்; கெட்டியான வகை கண்ணுக்குத் தெரியாத அளவு முறுக்கிக்கொண்டு, அன்றிரவு ஒரு பக்கப் பற்களில் மட்டும் அழுத்தும். தாடை மூட்டுக்காகச் செய்த ஸ்பிளிண்டில் கடி மட்டம் சிறிது மாறுவதும் சிகிச்சையையே கெடுக்கும் என்பதால் இதில் சலுகையே கிடையாது. மைக்ரோவேவில் வைத்துக் கிருமி நீக்குவது பல் செட்டுகளுக்காக ஆய்வு செய்யப்பட்ட முறை. வீட்டில் ஸ்பிளிண்டுக்கு அதைச் செய்ய வேண்டாம், உலோகக் கொக்கி இருந்தால் ஒருபோதும் வேண்டாம். கைகளுக்கான சானிடைசர், ஸ்பிரிட், ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் ஆகியவை அக்ரிலிக்கில் மயிரிழை போன்ற வெடிப்புகளை உண்டாக்கும். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் அக்ரிலிக்கைக் கரைத்தே விடும்.

ஊறவைக்கும் திரவங்கள்

தினமும் ஒழுங்காகத் தேய்த்துக் காயவைப்பவருக்கு, வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை ஊறவைத்தால் போதும். ஊறவைப்பது தேய்ப்பதற்கு மாற்று ஆகாது. தேய்த்துப் படலத்தைக் கலைத்த பிறகுதான் எந்தத் திரவமும் உள்ளே இறங்கி வேலை செய்யும்.

பல் செட் கழுவுவதற்கென்று விற்கும், தண்ணீரில் போட்டால் நுரைத்துப் பொங்கும் மாத்திரைகள் முதல் தேர்வு. அவற்றின் பெட்டியில் எழுதிய நேரத்துக்கு மட்டும் ஊறவைத்து, பிறகு பிரஷால் ஒரு முறை தேய்த்து, ஓடும் தண்ணீரில் நன்றாக அலசியே போட வேண்டும். இவற்றில் பலவற்றில் பெர்சல்ஃபேட் உப்புகள் உண்டு. அவற்றால் ஒவ்வாமை ஏற்பட்டவர்கள் இருந்ததால், 2008இல் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் உற்பத்தியாளர்களை எச்சரிக்கை வாசகத்தைத் திருத்தச் சொன்னது. வாய் எரிச்சலோ தடிப்போ கண்டால் அந்த மாத்திரையை நிறுத்திவிடுங்கள். மாத்திரையையோ அதன் தண்ணீரையோ வாயில் போட்டுக் கொப்பளிக்கவே கூடாது.

காரைக்கும் உப்புப் படிவுக்கும் வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து 15 முதல் 20 நிமிடம் ஊறவைத்துத் தேய்க்கலாம். கேண்டிடாவையும் அது ஓரளவு குறைக்கும். காரை கெட்டிப்பட்டிருந்தால் ஊசியாலோ கத்தி முனையாலோ நோண்டாமல் மருத்துவரிடம் கொடுத்து எடுக்கச் சொல்வதே நல்லது.

சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது வீட்டில் உபயோகிக்கும் திரவ பிளீச், பூஞ்சை உயிர்ப்படலத்துக்கு எதிராக வலுவாக வேலை செய்வது. ஆனால் அளவு தவறினால் நிறம் வெளுக்கும், உலோகம் அரிக்கும், மெத்தென்ற பொருள் கெடும். பல் செட்டுகளுக்காக 2011இல் அமெரிக்கச் செயற்கைப்பல் மருத்துவர்களின் அமைப்பு (American College of Prosthodontists) வெளியிட்ட வழிகாட்டுதல், ஹைப்போகுளோரைட்டில் 10 நிமிடத்துக்கு மேல் ஊறவைக்கக் கூடாது என்கிறது. மருத்துவர் அனுமதித்தால், உலோகமில்லாத கெட்டி ஸ்பிளிண்டுக்கு மட்டும், 0.5 விழுக்காட்டு அளவில், அந்த நேர எல்லைக்குள் பயன்படுத்தலாம். புட்டியில் 5 விழுக்காடு என்று இருந்தால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். நறுமணமும் சோப்பும் கலந்த தரை பிளீச்சும், தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடரும் இதற்கு உதவாதவை. பிளீச்சையும் வினிகரையும் ஒரே கிண்ணத்தில் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும்.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷில் ஊறவைப்பதும் பூஞ்சையைக் குறைக்கும். ஆனால் சோப்பிலும் பற்பசையிலும் உள்ள நுரைப்பொருள் அதன் வீரியத்தைக் கெடுத்துவிடும் என்பதால், சோப்பு முழுவதும் போகும்வரை அலசிய பிறகே அதில் போட வேண்டும். தொடர்ந்து பயன்படுத்தினால் பழுப்புக் கறை ஏறும். பிளீச்சில் போட்டதை உடனே குளோர்ஹெக்சிடினில் போட்டால் பழுப்பு வீழ்படிவு உண்டாகும். ஆகவே இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள்.

மருத்துவர் பூஞ்சை என்று உறுதி செய்த பிறகு

வாய்க்கு மட்டும் மருந்து போட்டு ஸ்பிளிண்டை விட்டுவிட்டால், ஸ்பிளிண்டிலிருந்து பூஞ்சை மீண்டும் வாய்க்கு வரும். ஆகவே சிகிச்சை நாட்களில் இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்: தினமும் ஒருமுறை ஊறவைப்பது, பல் துலக்கும் பிரஷையும் ஸ்பிளிண்ட் பிரஷையும் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் மாற்றுவது, பெட்டியை மாற்றுவது. சிகிச்சை முடியும்வரை ஸ்பிளிண்டைப் போடாமல் இருக்கலாமா என்பதை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். இரவில் மட்டும் போடும் சமநிலை ஸ்பிளிண்டைச் சில நாள் நிறுத்த மருத்துவர் ஒப்புக்கொள்ளக்கூடும். தாடையின் நிலையையே மாற்றிவைத்திருக்கும் ஸ்பிளிண்டை அப்படி நிறுத்தினால் தாடை பூட்டிக்கொள்ளும் தொந்தரவு திரும்பலாம்.

நிஸ்டாடின் திரவம், குளோட்ரிமசோல் பூச்சு போன்றவை வாயிலேயே வேலை செய்பவை. புண் மறைந்தவுடன் நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த நாள்வரை பயன்படுத்த வேண்டும். நிஸ்டாடினும் குளோர்ஹெக்சிடினும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்பவை. இரண்டும் எழுதப்பட்டிருந்தால் இடையில் அரை மணி நேரமாவது விடுங்கள். நிஸ்டாடின் திரவங்கள் பலவற்றில் சர்க்கரை இருப்பதால், இரவின் கடைசி வேளை மருந்தைப் போட்ட உடனே மேலே ஸ்பிளிண்டை மூடிக்கொள்ளலாமா, எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபுளுகோனசோல் மாத்திரை, மைக்கோனசோல் ஜெல் இரண்டும் வார்ஃபரின் என்னும் இரத்தம் உறையாமைக்கான மருந்தின் வீரியத்தை ஆபத்தான அளவுக்குக் கூட்டக்கூடியவை. கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளோடு ஃபுளுகோனசோல் சேர்ந்தால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பதற்கு இவை போதிய காரணங்கள்.

மருந்து முடித்த சில வாரங்களில் மீண்டும் வந்தால், காரணத்தை ஸ்பிளிண்டுக்கு வெளியே தேட வேண்டும். தாடை வலிக்காகவே இரவில் தரப்படும் அமிட்ரிப்டிலின் வாயை வறளச் செய்யும் மருந்து. வலிக்குத் தந்த மாத்திரையும் வலிக்குத் தந்த ஸ்பிளிண்டும் சேர்ந்து பூஞ்சைக்குச் சாதகமாவதை மருத்துவரிடம் எடுத்துச் சொன்னால், அளவையோ மருந்தையோ மாற்ற வழி இருக்கலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம். கட்டுக்குள் இல்லாத நீரிழிவு, இரும்பு அல்லது பி12 குறைபாடு, அண்மையில் சாப்பிட்ட ஆன்டிபயாடிக், புகைப்பழக்கம், மூக்கடைப்பால் வாய் வழியாக மூச்சுவிடுவது ஆகியவையும் அதே பட்டியலில் வருபவை. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் பயன்படுத்துபவர்கள், இரவு வேளை மருந்தை இழுத்து, வாயைக் கொப்பளித்துத் துப்பிய பிறகே ஸ்பிளிண்டைப் போட வேண்டும். இந்த வரிசை மாறினால், மருந்தின் படிவு ஸ்பிளிண்டுக்கு அடியில் விடியும்வரை தங்கிவிடும்.

மெருகிடுவதும் மாற்றுவதும்

கடியைச் சரிபார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் ஸ்பிளிண்டைக் கையோடு கொண்டுபோய், கடி மட்டத்தில் ராவிய இடத்தை மீண்டும் மெருகிட்டுத் தருமாறு கேளுங்கள். கடி திருத்தும் அவசரத்தில் விட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கடைசி வேலையே. ராவியபடி விட்ட இடம், புதிய ஸ்பிளிண்டில்கூட, முதலில் மங்கிப் படலம் பிடிக்கும். வெளிப்பரப்பு முழுவதும் கீறலாகியிருந்தால் லேபில் மெருகிட்டு மீட்க முடியும். உட்பக்கம் கெட்டிருந்தாலோ, வெடிப்பு இருந்தாலோ, இரண்டு அடுக்காகச் செய்த ஸ்பிளிண்டில் அடுக்குகள் பிரிந்து இடையில் ஈரம் புகுந்திருந்தாலோ, ஒழுங்காகக் கழுவி ஊறவைத்துக் காயவைத்த பிறகும் இரண்டு மூன்று நாளில் வாடை திரும்பினாலோ, அதன் காலம் முடிந்துவிட்டது. புதிதாகச் செய்யும்போது, கடித்தே கிழிக்கும் பழக்கம் உள்ளவர்களும் பூஞ்சை மீண்டும் மீண்டும் வருபவர்களும் மெத்தென்ற வகையைத் தவிர்த்து, வெப்பத்தில் இறுகவைத்த அக்ரிலிக்கிலோ கடைந்தெடுத்த அக்ரிலிக்கிலோ செய்ய முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்; பழைய ஸ்பிளிண்டில் எந்த இடத்தில் எப்போதும் படலம் தங்கியது என்பதையும் அப்போதே காட்டிவிட்டால், அந்த இடத்தின் விளிம்பைப் பிரஷ் எட்டும்படி வழித்துத் தருவார்கள்.